அக்குவைனஸின் ஐந்து வழிகள்: எங்கே தவறிப் படிக்கிறோம்?

‘எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, உலகத்துக்கும் உண்டு, அதுதான் கடவுள்.’ கடவுள் இருப்பதைக் காட்டப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ் தந்த ஐந்து வாதங்களும் (‘ஐந்து வழிகள்’) இவ்வளவுதான் என்று நினைத்து, ‘அப்படியானால் கடவுளுக்கு யார் காரணம்?’ என்று கேட்டு முடித்துவிடுகிறவர்கள் நிறைய. இவ்வளவு எளிய ஓட்டை அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? 1265 வாக்கில் எழுதத் தொடங்கிய ‘சும்மா தியோலாஜிக்கா’ என்ற இறையியல் நூலில், முதல் வழியில் அவர் பேசுவது மாறுகிற பொருள்களைப் பற்றி. விறகு சூடாகக் கூடியது, ஆனால் இன்னும் சூடாகவில்லை. அது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளாது, ஏற்கெனவே சூடாக இருக்கும் நெருப்பு வேண்டும். இந்த விறகு உதாரணம் அவருடையதுதான். மாறுவதை மாற்ற வேறொன்று வேண்டும் என்கிறார். ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்ற வரி அங்கே இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, அவர் காலத்தில் பின்னோக்கிப் போய் முதல் நாளைத் தேடுகிறார் என்று நினைப்பது. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால் ஏற்கிறோம், தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்று அதே நூலில் அவரே எழுதுகிறார். முடியும் என்று வாதாடியவர் அவர் காலத்து இன்னொரு இறையியலாளர் பொனவெந்தூர். அப்புறம் எப்படி ‘முதல் காரணம்’ என்கிறார்?

ஒரு கொல்லர் சுத்தியலால் அடிக்கிறார். அது உடைந்தால் இன்னொன்று, அதுவும் உடைந்தால் வேறொன்று. இன்றைய சுத்தியல் அடிக்க நேற்று உடைந்த சுத்தியல் தேவையில்லை. தந்தை, பாட்டன், பூட்டன் வரிசையும் அப்படித்தான், பாட்டன் இறந்த பிறகும் பேரன் பிள்ளை பெறலாம். இந்த மாதிரி வரிசை முடிவில்லாமல் பின்னே போகலாம், அக்குவைனஸுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கை ஒரு கோலைத் தள்ள, கோல் ஒரு கல்லைத் தள்ளுகிறது என்று வையுங்கள். கை நின்றால் அந்த நொடியே கல்லும் நிற்கும். கோலை எவ்வளவு நீளமாக்கினாலும் கை இல்லாமல் கல் நகராது. அவர் தேடும் ‘முதல்’ இந்தக் கை. அது இப்போது, இந்த நொடியில் வேண்டும். பெருவெடிப்பை வைத்து அவரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் இதனால்தான் குறி தவறுகிறது.

ஐந்தாவது வழியில், அறிவில்லாத அம்பு இலக்கை நோக்கிப் போக ஒரு வில்லாளி வேண்டும் என்கிறார். இதை, கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவர் இருக்க வேண்டும் என்று 1802இல் வில்லியம் பேலி எழுதிய வாதத்தோடு குழப்பக்கூடாது. பேலி உயிர்களின் உறுப்புகளில் உள்ள நுட்பமான அமைப்பைக் காட்டினார். அக்குவைனஸுக்கு, அறிவில்லாத பொருள்கள் எப்போதும் அல்லது பெரும்பாலும் ஒரே விதமாகத் தத்தம் இலக்கை நோக்கி இயங்குவதுதான் வியப்பு.

எனக்கு அதிக வருத்தம் தருவது அன்செல்மையும் இவரையும் ஒரே மூட்டையில் கட்டுவது. நார்மண்டியின் பெக் மடத்துத் துறவி அன்செல்ம் 1077-78இல், ‘அதைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாத ஒன்று’ என்ற எண்ணத்திலிருந்தே கடவுள் இருப்பதைக் காட்ட முயன்றார். வெறும் எண்ணத்திலிருந்து இருப்புக்குத் தாவ முடியாது என்று அக்குவைனஸ் இந்த வழியையே மறுத்தார்.

அன்செல்மைத் தோற்கடிக்க எல்லோரும் எடுப்பது ‘மிகச் சிறந்த தீவு’: அவர் வாதப்படி, அப்படி ஒரு தீவை நினைத்தாலே அதுவும் இருந்தாக வேண்டுமே என்பது. அதை முதலில் சொன்னவர் நாத்திகர் அல்ல, கௌனிலோ என்ற துறவி. கடவுள் இல்லை என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளும் பைபிளின் சங்கீதத்து மதிகேடனுக்காக வாதாடுகிறேன் என்று எழுதினார். இருப்பவை ‘எல்லாவற்றையும்விடப் பெரியது’ என்று நான் சொல்லவில்லையே, ‘அதைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாத ஒன்று’ என்றல்லவா சொன்னேன் என்று அன்செல்ம் பதில் எழுதினார். கூடவே, இனி தன் நூலைப் படியெடுக்கிறவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.