சின்ன ஊர், முதல் காதல்: இளையோர் நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

என் நாவலைப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதிலிருந்து பலரும் கேட்பது ஒன்றைத்தான்: "எங்க ஊரை வெச்சு ஒரு லவ் ஸ்டோரி எழுதணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே போட்டுவிடுகிறேன். அத்தியாயம் பிரிப்பது, தன்மையில் சொல்வதா படர்க்கையில் சொல்வதா என்பதற்கெல்லாம் போகவில்லை. பத்து நாவல் படித்தவருக்கு அது தானாகத் தெரியும். படிக்காதவர் படித்துவிட்டு வரலாம், அவசரமில்லை.

உதாரணமெல்லாம் கோவில்பட்டி. என் கதை நடப்பது அங்கே. உங்களுக்குப் பொள்ளாச்சியோ மன்னார்குடியோ, மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஆண்டை முடிவு செய்யுங்கள்

காதல் எல்லாக் காலத்துக்கும் பொதுதானே என்று ஆண்டு சொல்லாமல் ஆரம்பித்தால், முதல் ஃபோன் ஒலிக்கும் இடத்தில் கதை நின்றுவிடும். யார் கையில் என்ன ஃபோன், அதில் என்ன ரீசார்ஜ் என்பது தெரியாமல் இந்த வகைக் கதையில் ஒரு பக்கம் நகராது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததற்குப் பின்னால் நடக்கும் காதல் வேறு, முன்னால் நடக்கும் காதல் வேறு.

நான் எடுத்துக்கொண்டது 2012. பிளஸ் டூ பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரைக்கும் உள்ள கோடை. ஏன் 2012? 2011 செப்டம்பரில் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. நவம்பரில் அதை 200 ஆக்கினார்கள். 2012 ஜூலையில்தான் டெல்லி உயர் நீதிமன்றம் தனிப்பட்ட மெசேஜ்களுக்கு அந்த வரம்பு செல்லாது என்றது. ஆக, என் கதையின் கோடை முழுக்க மெசேஜ் கார்டு (எஸ்எம்எஸ்ஸுக்கென்றே போடும் ரீசார்ஜ்) போட்டிருந்தாலும் ஃபோன் இருநூறோடு வாய் மூடிக்கொள்ளும். சண்டை நடுவில் இருநூறு முடிந்தால்? வெறும் "ம்" அனுப்பி ஒரு மெசேஜை வீணாக்கியதற்கே தனியாக ஒரு சண்டை வரும். இதில் எதுவும் என் கற்பனை இல்லை, ஆண்டு கொடுத்தது.

அந்த ஆண்டு கொடுத்த இன்னொன்று மின்வெட்டு. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் தென் மாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. டீக்கடைப் பேச்செல்லாம் "கூடங்குளம் ஓடட்டும், சரியாயிரும்" என்பதுதான். இந்த மின்வெட்டு மூன்றாம் படியில் பெரிய வேலை செய்யப்போகிறது.

ஆண்டு முடிவானதும் "அப்போது கிடையாது" என்று ஒரு பட்டியல் போட்டு மேசை மேலே ஒட்டிவையுங்கள். என்னுடையதில் இருந்தவை: பிளஸ் டூ மதிப்பெண் 600-க்குக் கிடையாது, 1200-க்கு. பொறியியல் நுழைவுத் தேர்வு கிடையாது, அதை எடுத்தே பல வருடமாகிவிட்டது. கடலைமிட்டாய்ப் பாக்கெட்டில் புவிசார் குறியீட்டுப் பெருமை கிடையாது, அது கிடைத்ததே 2020-ல். அரசு கொடுத்த மடிக்கணினி உண்டு, ஆனால் வீட்டில் நெட் இருக்குமா என்பது குடும்பத்தைப் பொறுத்தது.

படி 2: ஊர்ப் பெயர் நிஜம், கடைப் பெயர் பொய்

சுருக்கமாக முடிக்கிறேன். ஊர், கோயில், ரயில் பாதை, நெடுஞ்சாலை எல்லாம் உள்ளபடி. தெரு, கடை, டியூஷன் சென்டர், பள்ளிக்கூடம் எல்லாம் நீங்கள் வைக்கும் பெயர். நிஜக் கடைப் பெயரைப் போட்டால் அந்தக் கடைக்காரர் படிப்பார். சின்ன ஊரில் நிச்சயம் படிப்பார்.

படி 3: யார் கண்ணில் படும்?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெருநகரத்துக் காதல் கதையில் இருவர் சந்திப்பது ஒரு பிரச்சினையே இல்லை. சின்ன ஊரில் பிரச்சினையே அதுதான். ஐந்து நிமிடம் நின்று பேச ஓர் இடம் வேண்டும். பார்க்கிற ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குச் சித்தி, பெரியப்பா, அப்பாவோடு சீட்டுப் போடுகிறவர், அம்மாவோடு வேலை பார்க்கிறவர். வில்லன் தேடி அலைய வேண்டாம். பார்த்துச் சொல்கிறவர்கள் போதும், அதுவும் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்கள்.

அதனால் ஒரு அட்டவணை போடுங்கள். ஐந்து பத்தி: இடம், நேரம், அங்கே அப்போது யார் இருப்பார்கள், அவர்கள் யாரிடம் சொல்வார்கள், எவ்வளவு நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

பேருந்து நிலையம்: மாலை ஐந்து மணி. கூட்டம் இருக்கிறதே, யார் கவனிப்பார்கள் என்று நினைப்போம். பூக்கடை அக்கா கவனிப்பார். இரண்டு பஸ் வந்து போயும் ஏறாத பெண்ணை அவர் கணக்கு வைத்திருப்பார். வீட்டுக்குச் செய்தி போக அரை மணி நேரம்.

ரயில்வே ஸ்டேஷன்: மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் உள்ள ஸ்டேஷன், வண்டி இல்லாத நேரத்தில் வெறிச்சென்றிருக்கும். சினிமா பார்த்துக் கெட்டுப்போன மனசுக்கு அதுதான் காதல் இடமாகத் தோன்றும். ஆனால் பை இல்லாமல் பிளாட்பாரத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையை விட அதிகமாகக் கண்ணில் படும் பொருள் ஊரில் கிடையாது. இந்த வரியை எழுதிவிட்டு அந்த இடத்தை அடித்துவிட்டேன்.

தீப்பெட்டி ஆபீஸ் வேன்: இது இடமில்லை, செய்தி போகும் வழி. விடியற்காலையில் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வேலையாட்களை ஏற்றி வரும். முதல் நாள் மாலை டவுனில் பார்த்தது மறுநாள் காலை வேனில் ஏறினால், பெண்ணின் பெரியம்மா வேலை பார்க்கும் ஆபீஸுக்கு எட்டு மணிக்குள் போய்விடும். என் கதையில் ரகசியம் உடைவது இந்த வேனில்தான். காதலர்கள் இருவரும் அந்தக் காட்சியிலேயே இல்லை.

கடைசியில் அட்டவணையில் தேறியது ஜெராக்ஸ் கடை. யோசித்துப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த கோடையில் மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். ஜெராக்ஸ் கடைக்குப் போக எந்த வீட்டிலும் காரணம் சொல்லத் தேவையில்லை. பையனும் நிற்கலாம், பெண்ணும் நிற்கலாம். அப்போதுதான் கரண்ட் போகும். "பன்னெண்டு மணிக்கு வந்துரும், உக்காருங்க" என்பார் கடைக்காரர். வெயிலில் திரும்பிப் போய் வர யாருக்கும் மனசு வராது. ஆளுக்கொரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ஊரே பார்த்தாலும் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

என் நாவலின் முதல் பாதி முழுக்க அந்தப் பெஞ்சுதான். ஆண்டும் (படி 1) அட்டவணையும் சந்தித்த இடத்தில் கிடைத்தது. உங்கள் ஊரில் அது ரேஷன் கடை வரிசையாக இருக்கலாம், நூலகமாக இருக்கலாம், தட்டச்சு வகுப்பாக இருக்கலாம். இருவருக்கும் அங்கே நிற்க நியாயமான காரணம் இருக்கிறதா, கூடுதலாக நேரம் கிடைக்க வழி இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். மழையில் நனைவது, காஃபி ஷாப், மொட்டை மாடி நிலா எதுவாக இருந்தாலும் அட்டவணையில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாதிக்கு மேல் தேறாது.

படி 4: சாதியைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோக வேண்டாம்

பிள்ளைகள் படிக்கும் கதைதானே, சாதி எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஊரில் ஒரு புதுமுகத்தைப் பார்த்ததும் "எந்தத் தெரு?" என்று கேட்பது முகவரிக்காக இல்லை என்பது ஏழாம் வகுப்பிலேயே புரிந்துவிடும். சாதிப் பெயர் ஒன்றைக்கூட எழுதாமல் இதைக் கொண்டுவரலாம். செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் கொடியேறும். ஒவ்வொரு நாளும் ஒரு மண்டகப்படி, அதாவது அந்த நாள் விழாவை ஒரு சமூகத்தார் ஏற்று நடத்துவது. "உங்களுக்கு எத்தனாம் நாள்?" என்று அவள் கேட்கிறாள், அவன் சொல்கிறான், இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவ்வளவு போதும்.

முடிவு கல்யாணமாகவோ அரிவாளாகவோதான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. என் கதை ஜூலையில், அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் முடிகிறது. கட்-ஆஃப் நான்கு மதிப்பெண் வித்தியாசம், ஒருவருக்குக் கோயம்புத்தூர், ஒருவருக்குத் திருநெல்வேலி. ஊர் பிரிக்க முடியாததைத் தரவரிசை எண் பிரித்துவிடுகிறது.

இன்னொன்று: படிக்கிறவருக்குப் பதின்மூன்று வயதாகவும் இருக்கலாம். பார்வை, பேச்சு, மெசேஜ் இதற்கு மேல் நான் போகவில்லை. முதல் காதலில் அதுவே இடம் கொள்ளாத அளவுக்கு இருக்கிறது.

படி 5: முப்பத்தைந்து வயதுக்காரரை வெளியே அனுப்புங்கள்

சின்ன ஊர் என்றதும் எழுதுகிறவருக்குப் பழைய நினைப்பு வந்து தொண்டை அடைத்துக்கொள்ளும். அது நம்முடைய வியாதி, வாசிக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. அவன் அந்த ஊரை விட்டு எப்போது போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவன். வரைவு முடிந்ததும் தேடல் பெட்டியில் இவற்றைப் போட்டுத் தேடுங்கள்: "அப்போது தெரியவில்லை", "இன்று நினைத்தால்", "அந்தக் காலம்", "பின்னாளில்". வருகிற வரிகளை யோசிக்காமல் வெட்டுங்கள். ஒன்றிரண்டு நல்ல வரியும் போகும், போகட்டும்.

படி 6: பேச்சு

கதை சொல்லும் நடை பொதுத்தமிழ், பேச்சு ஊர்ப்பேச்சு. இதில் நான் பிடிவாதக்காரி. கரிசல் பக்கம் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளர்ந்த குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு பாத்திரம் இருந்தால் பாட்டி எப்போது தெலுங்குக்கு மாறுகிறார் என்பதை மட்டும் காட்டுங்கள், வசனத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால் அந்த அத்தியாயத்தையே திரும்ப எழுதுங்கள்.

படி 7: கருவிகள்

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை நாவல் நீளத்துக்கு விரலையும் மூளையையும் சேர்த்துக் களைப்பாக்கும். பழக ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். ஃபோனில் என்றால் செல்லினம் செயலி. கூகுள் டாக்ஸில் பேசியே எழுதும் வசதி வசனங்களுக்கு அருமை, விவரிப்புக்கு வேண்டாம். நாம் பேசும்போது வாக்கியம் முடிவதே இல்லை. எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி என்று இணையத்தில் இரண்டு பிழைதிருத்திகள் இருக்கின்றன. இரண்டும் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், ஊர்ப்பேச்சு முழுவதையும் பிழை என்று காட்டும். விலை கொடுத்து வாங்கும் நாவல் மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. அட்டவணைக்கு ஒரு ஷீட் போதும்.

பின்சேர்க்கை 1

பின்னூட்டத்தில் ஒருவர் நல்ல ஓட்டை ஒன்றைக் காட்டினார்: 2012-ல் சின்ன ஊரில் எத்தனை பெண்களிடம் சொந்த ஃபோன் இருந்தது? உண்மைதான். என் கதையிலும் அது அப்பாவின் ஃபோன், நான் மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். வரம்பு சிம்முக்குத்தான், ஆளுக்கு இல்லை. அப்பா ஃபோனில் அப்பா அனுப்பியதும் சேர்ந்தே கணக்கு. அவர் திருவிழா வசூலுக்கு ஊர் முழுக்க மெசேஜ் அனுப்பும் நாளில் அவளுக்கு மிச்சம் என்ன? அனுப்பியதை அழிப்பது யார் வேலை? அட்டவணையில் ஆறாவது பத்தி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஃபோன் யாருடையது.

பின்சேர்க்கை 2

கிண்டிலில் ஏற்றியபோது எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். என்ஹெச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்குங்கள். ஆக்கிய பிறகு "கௌ" வரும் சொற்களைக் கண்ணால் பாருங்கள். பலர் "கெ" அடித்துப் பக்கத்தில் "ள" போட்டிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு இரண்டு வேறு சொல். ஒருவரின் கதாநாயகி பெயர் கௌரி. பெயரை மாற்றலாம் என்று தேடி மாற்றியிருக்கிறார், பாதி இடத்தில் கௌரி கயல்விழி ஆகிவிட்டாள், மீதிப் பாதியில் "கெளரி" அப்படியே இருக்கிறாள். பையன் இரண்டு பெண்களைக் காதலிப்பதாக அவருடைய முதல் வாசகர் நினைத்திருக்கிறார். மாற்றுவதற்கு முன் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.