ஓதம் பார்க்காமல் பறவை பார்க்கப் போகாதீர்கள்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய், "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்திருப்பார்கள். தங்களுக்கு ஒழிந்த நேரத்தில் போயிருப்பார்கள். கடல் ஏறும் நேரம் என்ன, வற்றும் நேரம் என்ன என்று பார்த்திருக்கமாட்டார்கள். உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ளது) போன்ற கரைப்பறவைகள் எல்லாவற்றுக்கும் சாப்பாட்டு வேளையை முடிவுசெய்வது சூரியன் அல்ல; ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம். சேறு வெளியே தெரியும் சில மணி நேரத்துக்குள் புழுவும் நண்டும் பொறுக்கித் தின்றாக வேண்டும். தண்ணீர் மூடிவிட்டால் அடுத்த வற்றம்வரை ஓய்வு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

சுங்கை பூலோவின் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். மதகுகளைத் திறந்து மூடி நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். பக்கத்து மண்டாய் சேற்றுவெளியில் மேயும் பறவைகள், கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் இந்தக் குளங்களுக்கு வந்து ஒற்றைக் காலில் நின்று தூங்கும். அதனால் அங்கே ஓதம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பார்வைக் குடிலில் உட்கார்ந்துவிட வேண்டும். பாசிர் ரிஸ், சாங்கி, செக் ஜாவா போன்ற திறந்த கரைகளில் கணக்கு தலைகீழ். வற்றிய பிறகு போக வேண்டும். ஆனால் முழுதாக வற்றிய நேரத்தில் பறவைகள் தொலைவில் நீர்விளிம்பில் புள்ளிகளாகத்தான் தெரியும். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கும்போது ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருங்கள். கடலே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. வீட்டில் தினசரி நாட்காட்டி இருந்தால் அதுவும் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் அதிகம். சிங்கப்பூரில் வித்தியாசம் ஏறத்தாழ 3 மீட்டர்வரை போகும். அப்போது சேறெல்லாம் மூழ்கிவிடுவதால் பறவைகள் ஓரிடத்தில் கூடும். அட்டமி, நவமி வாக்கில் ஏற்றம் மந்தமாக இருக்கும். சேறு முழுவதும் மூடாது, பறவைகளும் குளத்துக்கு வர அவசரப்படாது. இன்னொன்று: உச்ச ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை காலை பத்துக்குக் கிடைத்த காட்சி இந்தச் சனிக்கிழமை அதே நேரத்தில் கிடைக்காது. சுங்கை பூலோ காலை 7 முதல் மாலை 7 வரைதான் திறந்திருக்கும் என்பதால், உச்ச ஏற்றம் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் நடுவே விழும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மாதத்தைப் பார்க்காததும் தவறுதான். ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வலசைப் பறவை காட்ட முடியாது. அவற்றில் பெரும்பாலானவை அப்போது வடக்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். செப்டம்பர் முதல் மார்ச்வரைதான் பருவம். தீபாவளி விடுமுறை, டிசம்பர் விடுமுறை (குடை அவசியம்), மார்ச்சில் வரும் ஒரு வார விடுமுறை ஆகியவை ஏற்ற நாள்கள். ஜூனில் போகத்தான் வேண்டுமென்றால் சாம்பல் நாரையும் கொக்கும் ஆண்டு முழுவதும் உண்டு.

பெயர் வைப்பதில் வரும் குழப்பம்

வெள்ளையாக இருந்தால் கொக்கு, பெரிதாக இருந்தால் நாரை என்பது நம் பேச்சுவழக்கு. பதிவு எழுதும்போது அது போதாது. சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். இடைப்பட்ட அளவுள்ள கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். புல்வெளியில் திரியும் குட்டையான, மஞ்சள் அலகுள்ள கொக்கு உண்ணிக்கொக்கு. அலைதடுப்புப் பாறைகளில் நிற்கும் வெள்ளைக் கொக்கை அவசரப்பட்டுச் சின்னக் கொக்கு என்று எழுதவேண்டாம். கரைக்கொக்கில் கருஞ்சாம்பல், வெள்ளை என இரண்டு நிறமும் உண்டு. தடித்த அலகும் குட்டையான, மஞ்சள் கலந்த பச்சைக் காலும் தெரிந்தால் அது கரைக்கொக்கு.

ஊரிலிருந்து வந்தவர்கள் அதிகம் ஏமாறுவது மடையானில். குளிர்காலத்தில் பழுப்புக் கோடுகளோடு நிற்பதைப் பார்த்ததும் "நம்மூர் மடையான்" என்று தோன்றும். நம்மூர் இனமான இந்திய மடையான் இங்கே குறைவு. சீன மடையானும் ஜாவா மடையானும்தான் அதிகம். டிசம்பரில் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வது கைதேர்ந்தவர்களுக்கே கடினம், ஆகவே "மடையான்" என்று மட்டும் எழுதுவதே நேர்மை. மார்ச், ஏப்ரலில் இனப்பெருக்க நிறம் ஏறட்டும்: சீன மடையானுக்குத் தலையும் மார்பும் கருஞ்சிவப்பாகும், ஜாவா மடையானுக்குத் தலை வெளிர்மஞ்சளாகவே நிற்கும்.

பீஷான் பூங்கா ஆற்றோரத்தில் உடம்பைக் குறுக்கி நிற்கும், பழுப்பில் வெண்புள்ளி தெளித்த பறவை குருகு அல்ல; பெரும்பாலும் வக்கா என்னும் இராக்கொக்கின் இளம்பறவை. பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொண்டால் நாரையும் கொக்கும் உள்ள குடும்பம். நீட்டியபடி பறந்தால், பெயரில் நாரை என்று இருந்தாலும், மஞ்சள் மூக்கு நாரை போன்ற வேறு குடும்பம். சுங்கை பூலோவில் தெரியும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூண்டுவழி வந்தவை. அருகிவரும் பால்வண்ண நாரையோடு அவை கலந்து கலப்பினமும் பிறந்திருப்பதால், அவற்றை வலசைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பறக்கவிடுவதன் விலை

கூட்டத்தைப் பறக்கவைத்து எடுத்த படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேய்கிற பறவையை எழுப்பினால் அதன் சாப்பாட்டு நேரம் போகிறது. ஓய்வெடுக்கிற பறவையை எழுப்பினால் சேர்த்த கொழுப்பு கரைகிறது. மார்ச், ஏப்ரலில் இது பெரிய இழப்பு. சுங்கை பூலோவில் தடமறியும் கருவி பொருத்திய பவளக்காலிகள் இமயத்தைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போனது பதிவாகியிருக்கிறது. அந்தப் பயணத்துக்கான எரிபொருள் இந்தச் சேற்றில்தான் கிடைக்கிறது.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்று மீட்டர் கணக்குக் கேட்பார்கள். கணக்கைவிடப் பறவையைப் பாருங்கள். மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். பவளக்காலி தலையை மேலும் கீழும் வெட்டத் தொடங்கினால், அடுத்து அது கத்தும், கூட்டமே எழும். அப்படியே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். ஆட்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டு அலறினால் முட்டையோ குஞ்சோ தரையில் பக்கத்திலேயே இருக்கிறது. வந்த தடத்திலேயே, காலடியைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்கிப் படமெடுப்பதும், கூட்டின் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதும் காக்கைக்கும் ஆள்கூட்டத்துக்கும் வழி காட்டுவதற்குச் சமம். நல்ல கோணம் தேடிப் பலகைப் பாதையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள். சேறு இடுப்புவரை இழுக்கும். சுங்கை பூலோவில் முதலையும் உண்டு.

தீனி போடுவது சட்டப்படியே குற்றம். 2020 முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் முதல் முறை 5,000 வெள்ளிவரையும் மீண்டும் செய்தால் 10,000 வெள்ளிவரையும் அபராதம். ரொட்டி போடுவது மட்டும் தீனி அல்ல. படத்துக்காக மீனை வீசி நாரையை வரவழைப்பதும் தீனிதான். மீன் மிதக்க வேண்டுமென்று அதற்குள் நுரைப்பொருளைத் திணிக்கும் ஆட்களும் உண்டு. பறவை அதையும் சேர்த்து விழுங்கும்.

தரையில் ஒரு பறவை கிடந்தால்

கறுப்புப் பஞ்சு உருண்டை போலத் தனியாக ஓடும் குஞ்சு கானாங்கோழியுடையது, மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்பார்களே அதுதான். தாய் புதருக்குள்ளேயே இருக்கும். தூக்காதீர்கள், தள்ளி நின்று அரை மணி நேரம் பாருங்கள். பாசிர் ரிஸ் பூங்காவில் சாம்பல் நாரைகள் கூடு கட்டும் மரங்களுக்குக் கீழே இளம் நாரை நின்றாலும் முதலில் தள்ளி நின்றே கவனியுங்கள். சிறகு தொங்கினால், ரத்தம் தெரிந்தால், தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 அல்லது ஏக்கர்ஸ் (ACRES) வனவிலங்கு மீட்பு அமைப்பின் 9783 7782 எண்ணை அழையுங்கள்.

தூண்டில் நரம்பில்தான் நல்ல மனசுக்காரர்கள் தவறுகிறார்கள். வெளியே தொங்கும் நரம்பை மட்டும் வெட்டிவிட்டுப் பறவையைப் பறக்கவிடுவார்கள். காலில் சுற்றிய பகுதி உள்ளேயே இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, சில நாளில் காலையே கொன்றுவிடும். விழுங்கிய தூண்டில் முள்ளை இழுத்தால் குடல் கிழியும். நரம்பை இழுக்கவும் வேண்டாம், குட்டையாக வெட்டவும் வேண்டாம். உதவிக்கு வருகிறவர்களுக்கு அந்த நீளம் தேவை.

அவர்கள் பிடிக்கச் சொன்னால் மட்டும் பிடியுங்கள். கொக்கும் நாரையும் நேராகக் கண்ணைத்தான் குத்தும், ஆகவே முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். துண்டைத் தலைமேல் போட்டு மூடியதும் பறவை அடங்கும். தலையை அலகோடு சேர்த்துப் பின்பக்கமிருந்து மென்மையாகப் பற்றுங்கள், ஆனால் அலகை நூலால் கட்டவோ மூக்குத்துளையை மூடவோ கூடாது. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியின் அடியில் துண்டு விரித்து உள்ளே விட்டு, நிழலில் வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாலும் சோறும் அவற்றின் வயிற்றுக்கு ஆகாது. பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும், வண்டி வரும்வரை மூடியைத் திறந்து காட்டாதீர்கள்.