எதற்காக போனை எடுத்தோம்?

போன மாதம் ஒருநாள் சிலிண்டர் போட வந்தவர் வாசலில் நின்று ஓடிபி கேட்டார். அதைப் பார்க்கத்தான் போனை எடுத்தேன். மெசேஜைத் திறப்பதற்குள் மேலே ஏதோ ஒரு அறிவிப்பு வந்து விழ, விரல் அதில் பட்டு, ஒரு வீடியோ ஓடி, அது முடிந்து அடுத்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. "அக்கா, ஓடிபி" என்று அவர் இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் வாசலில் ஒருவர் நிற்கிறார் என்பதே எனக்கு நினைவு வந்தது. சிலிண்டரைச் சுமந்து இரண்டு மாடி ஏறி வந்தவர், சட்டை முழுக்க வேர்வை. அவரை நிற்கவைத்துவிட்டு என் மனசு எங்கோ போயிருக்கிறது, போனது எனக்கே தெரியவில்லை. அது என்னை நிஜமாகவே உலுக்கிவிட்டது.

அதற்கப்புறம் நான் செய்துபார்த்ததில் எது உதவியதோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். "மனசைக் கட்டுப்படுத்து" என்ற அறிவுரை எனக்கு ஒருநாளும் வேலை செய்ததில்லை. போனை எடுப்பது கை. மனசு யோசிக்கும் முன்பே அது எடுத்துவிடுகிறது. அதனால் கை போகிற வழியைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள், சும்மா கவனியுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும், ஐபோனில் ஸ்க்ரீன் டைம். எல்லோரும் அதில் எத்தனை மணி நேரம் என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்ற எண்ணைப் பாருங்கள், அதுதான் கையின் கணக்கு. கூடவே ஒரு சின்ன நோட்டில் இரண்டே இரண்டு விஷயம் எழுதுங்கள்: எதற்காக எடுத்தேன், எதில் போய் முடித்தேன். "மழை வருமா என்று பார்க்க — யாரோ ஒருவரின் வீட்டுக் கிரகப்பிரவேசம்", "அம்மாவுக்கு போன் பண்ண — பண்ணவில்லை". இந்த இரண்டாவது வரி என் நோட்டில் நிஜமாகவே இருந்தது.

இதைப் பார்த்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறதே, அதை 2006-இல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர். அதற்காகத் தான் வருந்துவதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பெல்லாம் பக்கம் முடியும், அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அந்த ஒரு நொடியில் "சரி, போதும்" என்று எழுந்துவிடலாம். அந்த நொடியைத்தான் எடுத்துவிட்டார்கள். பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்தினால் எப்போது தீனி விழும் என்று சொல்ல முடியாதபடி வைத்தால்தான் அவை விடாமல் கொத்திக்கொண்டே இருந்தன. பத்து வீடியோவில் ஒன்பது சாதாரணம், ஒன்று அருமை, அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாது. நாம் தள்ளிக்கொண்டே இருப்பதும் அதனால்தான். 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையிலேயே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு ஆப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து உட்காரும்.

மனசுக்கு என்ன ஆகிறது என்றால், எதிலும் நிலைத்து நிற்க முடியாமல் போகிறது. குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களைப் பல வருடங்களாகக் கவனித்து அளந்திருக்கிறார்: 2004-இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், 2012 வாக்கில் 75 நொடி ஆகி, சமீப வருடங்களில் 47 நொடிக்கு வந்துவிட்டது. எனக்கு இது புள்ளிவிவரமாகத் தெரியவில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழை ஒரே மூச்சில் படித்து முடிப்பவள், இப்போது மூன்றாவது பத்தியில் போனைத் தேடுகிறேன்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஹாலில், அதுவும் நாற்காலி எட்டாத பிளக்கில் மாட்டுங்கள், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போனின் இடம் அதுதான். "அலாரம்?" என்று உடனே கேட்பீர்கள், நானும் கேட்டேன், கடையில் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பகலிலும் படிக்கிற, எழுதுகிற, கணக்குப் பார்க்கிற நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். டெக்சாஸில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், போனை மேஜை மேல் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள், இத்தனைக்கும் எல்லோருடைய போனும் சத்தமில்லாமல்தான் இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றால் கை சும்மா இருக்கிறது, அதை நான் தினமும் பார்க்கிறேன்.

அடுத்தது அறிவிப்புகள். உட்கார்ந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் அணைக்கப் பார்த்தால் சலித்துப்போகும். ஒரு வாரம், வருகிற ஒவ்வொரு அறிவிப்பையும் விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஆண்ட்ராய்டில் அங்கேயே அதை நிறுத்தும் வழி வரும். போன் அழைப்பு, பேங்க் மெசேஜ், ஓடிபி, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவது, இவை இருக்கட்டும். சேலைத் தள்ளுபடியும் "உங்களுக்குத் தெரிந்த ஒருவர் புதிய படம் போட்டிருக்கிறார்" என்பதும் எதற்கு?

வாட்ஸ்அப்தான் கஷ்டம், ஏனென்றால் அதில் இருப்பவர்கள் நம் மனிதர்கள். காலை ஐந்தரைக்குப் பெரியப்பா போடும் வணக்கப் படத்துக்கு அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது, அது அவர் நம்மை விசாரிக்கும் விதம். நான் செய்தது இது: குரூப்புகள் எல்லாவற்றையும் "எப்போதும்" என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டேன், மத்தியானம் ஒரு முறை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை திறந்து பார்க்கிறேன். யாருக்கும் சொல்லாமல் செய்தால் "ஏன் பதிலே இல்லை" என்று வருத்தப்படுவார்கள். அதனால் குடும்ப குரூப்பில் நேராகவே எழுதினேன்: "இனிமேல் மெசேஜ் ரெண்டு வேளைதான் பார்ப்பேன். அவசரம்னா கூப்பிடுங்க, எந்த நேரமானாலும் எடுப்பேன்." ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்தி இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டே பேசுகிறார், அவர் குரலைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! நீல டிக்கையும் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம், "பார்த்துட்டியே" என்ற பேச்சு குறையும்.

யூடியூபில் நீங்கள் பார்த்தவற்றின் பட்டியலை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள்; முகப்பு வெறுமையாகிவிடும், எதற்காக வந்தீர்களோ அதைத் தேடித்தான் பார்க்க முடியும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். இன்ஸ்டாவைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் மட்டும் பாருங்கள்.

இதெல்லாம் செய்தால் முதல் வாரம் ஒரு மாதிரி இருக்கும், அதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகும்போது போனைப் பையின் அடியில் போட்டு ஜிப்பை மூடிவிட்டேன். வல்லம் தாண்டி செங்கிப்பட்டி வரும் வரை கை பையைத் தடவிக்கொண்டே இருந்தது, சுருக்கென்று ஒரு எரிச்சல், பசி மாதிரி. அப்புறம் அது தானாக அடங்கியது. துவாக்குடி வருவதற்குள், தங்கையிடம் ஆறு மாதமாகச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று புரிந்துவிட்டது. அந்த எரிச்சல் வரும்போது உடனே புத்தகம், கோலம், யோகா என்று எதையாவது வைத்து நிரப்பப் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. போனைக் காட்டிச் சோறு ஊட்டும் அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, தனியாகக் குழந்தை வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஒரே ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரிச் சோறு, போன் இல்லாமல். பாதி கீழே சிந்தும், பரவாயில்லை.

ஆனால் தூக்கமே போய்விட்டது, ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் போகிறது, போனை வாங்கினால் பிள்ளை அடிக்க வருகிறான் என்ற நிலை என்றால், சார்ஜரை மாற்றி வைப்பது போதாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014-இலிருந்து ஒரு சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது மாதிரிதான், தயங்காமல் கேளுங்கள்.

நடுவில் ஒரு நாள் எல்லாம் பழையபடி ஆகும், எனக்கும் போன ஞாயிற்றுக்கிழமை ஆனது, மூன்று மணி நேரம் போயிற்று. அன்று ராத்திரி சார்ஜரைத் திரும்ப ஹாலில் மாட்டினேன், அவ்வளவுதான். சிலிண்டர் ஓடிபி வந்தவுடன் இப்போது காலண்டர் தாளில் பேனாவால் எழுதிவிடுகிறேன். போன தடவை அவர் மாடி ஏறி வரும் சத்தம் கேட்டதும், ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்குப் போய் நின்று எண்ணைச் சொன்னேன்.