கம்ப்யூட்டரை எங்கே வைக்கக் கூடாது?

எந்த பிராசசர், எத்தனை ஜிபி ரேம் என்று ஊரெல்லாம் விசாரித்துக் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். எங்கே வைப்பது என்ற பேச்சு மட்டும் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுகிறது. எந்த மூலை காலியோ, அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது.

மூலையைவிட முதலில் பார்க்க வேண்டியது பிளக் பாயின்ட். மூன்று துளை இருந்தாலே எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிடும் ஒயர்) இருக்கிறது என்று நம்புவதுதான் பெரிய தவறு. பழைய வீடுகளில் பல இடங்களில் அந்தப் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. சிபியுவின் இரும்பு உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பவர் சப்ளைக்குள் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் உடம்பிலேயே நிற்கிறது. அந்தக் கசிவு சிறியதுதான். ஆனால் நிஜமாகவே உள்ளே ஒரு ஒயர் உரசினால் காப்பாற்ற எர்த் இல்லை என்பதுதான் பயம். வாஸ்து பார்த்து அக்கினி மூலையில் வைக்கிறவர்கள் வைக்கட்டும். அந்த மூலையில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எங்கோ இருக்கும் பாயின்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, அதிலேயே அயர்ன் பாக்ஸையும் செருகுவது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சூடு. கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கென்றே கதவு போட்ட ஓர் அறை இருக்கும். பார்க்க அழகு, சிபியுவுக்குச் சிறை. முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் சூடாக வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. கதவை மூடினால் தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். ஒரு கட்டத்தில் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் "கம்ப்யூட்டர் ஸ்லோவாகிவிட்டது" என்று வைரஸைத் திட்டுகிறவர்கள் அந்தக் கதவைத் திறந்து பார்க்கலாம். பின்பக்கம் சுவரிலிருந்து அரையடியாவது தள்ளி வையுங்கள்.

தரையில் வைத்தால் பெருக்கும் தூசியும், துடைக்கும் தண்ணீரும் நேரே உள்ளே போகும். சின்ன ஸ்டாண்ட் போதும். சமையலறைப் பக்கம் வைத்தால் இன்னும் மோசம்: தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி சேர்ந்து ஃபேனில் அப்பிக்கொள்ளும், பிரஷ் போட்டாலும் லேசில் போகாது. சாம்பிராணி போடும் பூஜை அறைக்கும் இதே கதைதான்.

ஜன்னலோரம் காற்று வரும், சரி. ஐப்பசி மழையில் சாரலும் வருமே! வெளிச்சமும் கவனிக்க வேண்டியது. ஜன்னல் மானிட்டருக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். பக்கவாட்டில் இருப்பதுதான் நல்லது.

வைஃபை ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றால் சிக்னல் தள்ளாடும். முடிந்தால் கேபிளே இழுத்துவிடுங்கள். ஆனால் அந்த இணைய இணைப்பு மொட்டை மாடி வழியாகச் செம்பு ஒயரில் வருகிறது என்றால், இடி மின்னலின்போது பிளக்கோடு அதையும் கழற்றி வைக்க வேண்டும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும், இரண்டையும் எளிதில் கைவிட்டுக் கழற்ற முடிகிற இடமாகப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் மறைந்திருந்தால் நள்ளிரவு மழையில் யார் எழுந்து கட்டிலை நகர்த்துவது?