டவர் ஸ்பீக்கருக்கு 'ஸ்மால்' என்று போடுங்கள்

போன வருடம் என் மச்சான் இடுப்பு உயரத்துக்கு இரண்டு டவர் ஸ்பீக்கர் வாங்கினார். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவரை மாட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். அதன் மெனுவில் ஸ்பீக்கர் சைஸ் என்ற இடத்துக்குப் போய் 'ஸ்மால்' என்று மாற்றினேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன மாப்ள, ரெண்டு ஆள் வச்சு அஞ்சு மாடி தூக்கிட்டு வந்திருக்கேன். அதைப் போய் சின்னதுங்கிறீங்க?"

அந்த மெனுவை எழுதியவர்கள் மேல்தான் தப்பு. சைஸ் என்பது பெட்டியின் அளவே இல்லை. பாஸை, அதாவது தாழ்ந்த கனமான சத்தத்தை, யார் சுமப்பது என்ற கேள்வி அது. லார்ஜ் என்றால், பாஸ் முழுவதையும் இந்த ஸ்பீக்கரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். ஸ்மால் என்றால், குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே உள்ளதை, பாஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டிக்குத் தள்ளிவிடு என்று அர்த்தம். அந்த எல்லைக்குத்தான் க்ராஸ்ஓவர் என்று பெயர். வீட்டில் சப்வூஃபர் இருந்தால், எவ்வளவு பெரிய டவராக இருந்தாலும் ஸ்மால் போடுங்கள். க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள் (ஹெர்ட்ஸ் குறையக் குறைய சத்தம் தாழ்ந்தது).

காரணம் கோனில், அதாவது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பில், இருக்கிறது. 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்கி அதே சத்தம் தர வேண்டுமென்றால், கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். மச்சானின் டவரில் பாஸ் தர இருப்பது 6 அங்குல வூஃபர்கள். குண்டு வெடிக்கும் காட்சியில் அந்த ஆட்டத்தையும் ஆடிக்கொண்டு, அதே கோன் கதாநாயகன் குரலையும் தர வேண்டும். குரல் கலங்காமல் என்ன செய்யும்? ரிசீவரில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கும் பாஸ்தான் பெரிய தீனி. சப்புக்குச் சொந்தமாக ஆம்ப் உண்டு. மாலையானால் வோல்டேஜ் இறங்குகிற, நாங்கள் இருக்கும் யாங்கோனில் இந்தச் சுமை குறைவது சின்ன விஷயமில்லை.

சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. சரி, ரிமோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அரை மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டார். மிருதங்கம் வந்த ஒரு பாட்டில் மனம் மாறினார்.

எல்லா ஸ்பீக்கருக்கும் 80 பொருந்தாது. 4 அங்குல வூஃபர் உள்ள சின்னப் பெட்டிகளுக்கு 100 வையுங்கள். உள்ளங்கை அளவு சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120, சிலவற்றுக்கு 150 கூடத் தேவைப்படும். அவ்வளவு மேலே போனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது பிடித்துவிடும். அப்போது சப்பை டிவி பக்கத்திலேயே வைக்க வேண்டும். மைக் வைத்து ரிசீவரே அளந்து கொடுக்கும் வசதி இருந்தால் முதலில் அதை ஓட்டுங்கள். டவரைப் பார்த்ததும் அது பெரும்பாலும் லார்ஜ் என்று போடும். அதை நீங்கள் ஸ்மால் ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அது 100 என்று போட்ட இடத்தை 60 ஆக்காதீர்கள். உயர்த்துவதில் பெரிதாகக் கெடுதல் இல்லை. இறக்கினால் அந்த ஸ்பீக்கரால் முடியாத வேலையைக் கொடுக்கிறீர்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, 'எல்பிஎஃப் ஃபார் எல்எஃப்இ' என்ற மேல்வரம்பு. படத்தில் சப்புக்கென்றே தனியாக வரும் தடம்தான் எல்எஃப்இ, 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) என்பதில் உள்ள அந்த .1. அது 120 ஹெர்ட்ஸ் வரை போகும், ஆகவே 120இலேயே விடுங்கள். க்ராஸ்ஓவரோடு குழப்பிக்கொண்டு இதையும் 80 ஆக்கினால் மேல்பகுதி போய்விடும். இன்னொன்று, டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் 'எல்எஃப்இ ப்ளஸ் மெயின்', யமஹாவில் 'எக்ஸ்ட்ரா பாஸ்'. ஒரே பாஸை டவருக்கும் சப்புக்கும் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு இது. கேட்க ஆசையாக இருக்கும், அறை கும்மென்று அடைத்துக்கொள்ளும். வேண்டாம்.

அப்புறம் சப்பின் முதுகுக்கு வாருங்கள். அங்கேயும் க்ராஸ்ஓவர் என்று ஒரு திருகு இருக்கும். அதைக் கடைசி வரை ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் ரிசீவர் ஒரு தடவை, சப் ஒரு தடவை என்று இரண்டு முறை வெட்டுப்படும். வால்யூம் பாதியில் இருக்கட்டும். ரிசீவர் அளந்து முடித்து சப்புக்கு -12 டெசிபல் என்று காட்டினால், பல ரிசீவர்களில் அது இறக்க முடிந்த கடைசி எண். சப்பின் திருகைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க விடுங்கள். சப்பில் உள்ள ஃபேஸ் ஸ்விட்சில் 0, 180 இரண்டையும் தட்டிப் பாருங்கள். உட்காரும் இடத்தில் எதில் பாஸ் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

இத்தனையும் செய்தாலும் அறை தன் வேலையைக் காட்டும். யாங்கோன் அடுக்குமாடியில் நம்மில் பலருக்கு வாய்த்தது பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். அந்த அகலம் ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸைப் பிடித்து உலுக்கும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் காதை அடைக்கும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரமே காணாமல் போகும். சப்புக்கு இடம் தேட நான் செய்தது: சப்பைத் தூக்கி நான் உட்காரும் நாற்காலி மேல் வைத்து, பாஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, முன்பக்கம் முழுக்கத் தவழ்ந்து கேட்டேன். பெண்டாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். மூலையில் கும்மியது. மூலையிலிருந்து நாலடி தள்ளி பாஸ் சீராக இருந்தது. சப் இப்போது அங்கேதான் நிற்கிறது.

கீழ்வீட்டு பர்மியப் பாட்டி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அடுத்தவரைச் சங்கடப்படுத்தத் தயங்குவதை இங்கே 'ஆனாடே' என்பார்கள். தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்: கண்ணாடி அலமாரியில் ஒவ்வொரு பீங்கான் தட்டுக்கும் நடுவே துணி மடித்து வைத்திருந்தார். அன்று இரவே சப்பை 4 டெசிபல் இறக்கி, அடியில் தடித்த ரப்பர் போட்டேன். ரப்பர் பெட்டியின் அதிர்வைத்தான் தடுக்கும், காற்றில் போகும் பாஸை அல்ல. அதனால் ஒன்பது மணிக்கு மேல் இன்னும் 3 டெசிபல் குறைத்து, பெரிய சத்தங்களை அடக்கும் நைட் மோடும் போட்டுவிடுகிறேன்.

போன வாரம் போயிருந்தேன். துணி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.