பாலியில் சடங்குப் படம்: கேமராவுக்கு முன் இடுப்புக் கச்சை

பாலித் தீவின் உளுவத்து கோயிலில் அந்திநேரத்தில் நடக்கும் கெச்சாக் என்ற கூட்டு நடனத்தைப் படமெடுத்து ‘பாலிச் சடங்கு’ என்று போடுபவர்கள் அதிகம். அது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டம். 1930களில் வெளிநாட்டுப் பயணிகளை மனத்தில் வைத்து உருவானது. தாராளமாக எடுங்கள், படம் நன்றாகவே வரும். ஆனால் சடங்குகள் நடப்பது ஊர்க் கோயில்களிலும் வீட்டு வாசல்களிலும். அங்கே எந்த லென்ஸ் என்பதைவிட எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கும்.

1. நாள் பாருங்கள்

கோயில் ஆண்டுவிழாவுக்கு ஒடாலான் என்று பெயர். பெரும்பாலான கோயில்களில் 210 நாளுக்கு ஒருமுறை வரும். கோயில்கள் ஏராளம் என்பதால் எப்போது போனாலும் அக்கம்பக்கத்தில் எங்காவது ஒன்று நடக்கும். தங்கும் விடுதியில் விசாரித்தாலே போதும். பாலி இந்துக்களின் பெரிய பண்டிகையான கலுங்கான் 2026இல் ஜூன் 17 அன்று. அதையொட்டித் தெருவின் இருபுறமும் பென்ஜோர் என்ற வளைந்த அலங்கார மூங்கில்கள் நிற்கும்.

2. உடை

சரோங், அதன்மேல் இடுப்பில் கச்சை. சடங்கு நாளில் ஆண்கள் உடெங் என்ற தலைக்கட்டும் கட்டிக்கொள்வது நல்லது. ‘இந்துக் கோயில்தானே, நமக்குத் தெரியாததா’ என்று நுழைந்துவிடாதீர்கள். மாதவிலக்கு, சாவுத்தீட்டு, ரத்தம் கசியும் காயம் இருந்தால் உள்ளே போகக்கூடாது. உள்முற்றம் வழிபடுபவர்களுக்கு மட்டுமே. ஊர்க்காரர் யாராவது அழைத்தால் போங்கள். இல்லையென்றால் வெளிமுற்றத்தோடு நின்றுகொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய பெச்சலாங் என்ற ஊர்க் காவலர் ‘வேண்டாம்’ என்றால் பேச்சே கிடையாது.

3. வாசலில் பழகுங்கள்

காலையில் வீடு, கடை, வண்டி என எல்லா இடத்திலும் சனாங் சாரி என்ற படையல் வைப்பார்கள். கையளவு ஓலைத்தட்டு, அதில் பூ, மேலே ஊதுபத்தி. கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என்று பூவுக்குத் திசை உண்டு. அது தெரிந்தால் மேலிருந்து நேராக எடுக்கத் தோன்றும். வைப்பவரிடம் “போலே ஃபோட்டோ?” (படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். ஊதுபத்திப் புகை தெரிய வேண்டுமானால் வெயிலுக்கு எதிர்முகமாக நின்று, பின்னால் இருட்டான சுவர் வருமாறு பாருங்கள். தட்டைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். அழகுக்காக நகர்த்தி வைப்பதும் கூடாது.

4. கேமரா அமைப்பு

பெரும்பாலும் 35 அல்லது 50 எம்எம் லென்ஸ் ஒன்று போதும். ஊர்வலத்துக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, இரவுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200 வரை. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கோயில் கல் கறுப்பு, உடையோ வெள்ளை. கறுப்பைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்ட, வெள்ளைச் சட்டை வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7க்கு இறக்குங்கள். மொபைலிலும் இதே வேலைதான்: சட்டையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

5. வழிபாட்டு நேரம்

உள்ளே அழைத்திருந்தால் ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள். வழிபடுபவர்களுக்கு முன்னால் நடப்பதும், பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்பதும் பெரிய மரியாதைக்குறைவு. ஐந்து முறை கைகூப்புவார்கள். முதலும் கடைசியும் வெறுங்கை. நடுவில் மூன்று முறை விரல்நுனியில் பூ இருக்கும். இந்த வரிசை தெரிந்தால் சும்மா சுட்டுத்தள்ள வேண்டியதில்லை. முதல் வெறுங்கை இறங்கியதும் ஃபோகஸைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, பூ எடுத்த கை நெற்றிக்கு மேலே போகும்போது அழுத்துங்கள். பிறகு பூசாரி தீர்த்தம் தெளிப்பார். அந்தத் துளிகள் உறைந்து நிற்க 1/500 வேண்டும். கடைசியாக நெற்றியில் ஈர அரிசி ஒட்டுவார்கள். இதற்குள் முகங்களில் இறுக்கம் தளர்ந்திருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச்சும் சிரிப்பும் தொடங்கிவிடும். நல்ல முகப்படம் எனக்கு இங்கேதான் கிடைக்கும்.

6. தகனச் சடங்கு

ங்காபென் என்ற இந்தத் தகனச் சடங்கின் ஊர்வலத்தில் உயரமான பாடைக் கோபுரத்தைத் தோளில் சுமந்துவந்து, ஆவி வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் குழம்பட்டும் என்று நாற்சந்தியில் சுற்றுவார்கள். கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே ஒரு கடைத்திண்ணையோரமாக ஒதுங்கி நின்று, அகல லென்ஸில் எடுங்கள். தீ மூட்டும் இடத்தில் குடும்பத்தாரிடம் கேட்காமல் நெருங்காதீர்கள். அழுகிற முகத்துக்கு ஜூம் வேண்டவே வேண்டாம். யாராவது படம் கேட்டால் அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்; ஊர் திரும்பியதும் எந்த எண் யாருடையது என்பதே மறந்துவிடும்.