வழுக்கினால் போதுமா? எலும்பு, மூட்டு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தபோது, அதன் மிகக் குறைந்த உராய்வே அவருக்கு ஆதாரமாக இருந்தது. வலி நீங்கி நடந்து சென்ற நோயாளிகள் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். கிண்ணம் தேய்ந்து, உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு அழன்றிருந்தது. வழுக்கும் பொருள் தேயாது என்று யாரும் நிறுவியிருக்கவில்லை. எளிதில் அளக்க முடிந்ததை அளந்துவிட்டு, நோயாளிக்குத் தேவையானதை அளந்துவிட்டதாக நம்புவதே முதல் தவறு. 1962இல் பாலிஎதிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறிய சார்ன்லி, தேய்மானத்தைப் பொறியில் சோதித்ததோடு, தம் தொடைக்குள்ளேயே அப்பொருள்களைச் செலுத்தியும் பார்த்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு இசையாது.

பொறியையும் அளவுக்கு மீறி நம்பலாகாது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டின் ஆழம் குறைந்த கிண்ணம், சரியான கோணத்தில் பொருத்தப்பட்ட சோதனைகளில் நன்றாகவே இயங்கியது. அறுவை அரங்கிலோ கோணம் சில பாகை விலகுவது இயல்பு. அப்போது சுமை கிண்ணத்தின் விளிம்பில் குவிந்து, கோபால்ட், குரோமியத் துகள்கள் திசுவில் படிந்தன. மறு அறுவைகள் மிகுவதை ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேடு முன்னரே காட்டியிருந்தும், 2010 ஆகஸ்டில்தான் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

எலியின் முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடுவதால், அதில் பலித்த மருந்து முதியவரின் முறிவிலும் பலிக்கும் என எண்ணுவதும் இவ்வகைப் பிழையே.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் பயனை அறிவிப்பது இன்னொரு தவறு. ஹூஸ்டனில் முழங்கால் தேய்மானமுள்ள 180 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். ஆர்த்ரோஸ்கோப்பி மூலம், அதாவது சிறு கீறல் வழியே நுண்கருவியைச் செலுத்தி, மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டவர்களின் வலி, இரண்டு ஆண்டுகள் கவனித்தும், இவர்களுடையதைவிடக் குறைந்திருக்கவில்லை. ஆனால் அறுவை செய்தவர் ஒருவரே. பங்கேற்றவர்களும் பெரும்பாலும் ஆண்களான முன்னாள் படைவீரர்கள். அம்முடிவை, விளையாட்டில் தசைநார் அறுந்த இளைஞருக்கும் பொருத்தி, ஆர்த்ரோஸ்கோப்பியே வீண் என்பது எதிர்த்திசையில் செய்யும் அதே தவறு.